கருவாட்டை ஆன்லைனில் விற்க ஒன்றே முக்கால் லட்சம் வேண்டுமா?

கேள்வி: 3 பிப்ரவரி 2024, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அக்கா, எனக்கு ஒரு ஐடியா இருக்கிறது. நம்ம கடலூர், புதுச்சேரிக் கரையோரக் கருவாட்டைச் சுத்தம் பண்ணி, அழகாகப் பாக்கெட் போட்டு, இந்தியா முழுக்க ஆன்லைனில் விற்கலாம் என்று. வெப்சைட், ஆப், லோகோ எல்லாம் சேர்த்து ஒரு இடத்தில் ஒன்றே முக்கால் லட்சம் கேட்கிறார்கள். கையில் இரண்டரை லட்சம் இருக்கிறது. ஓடுமா? வெளியே சொன்னால் யாராவது திருடிவிடுவார்களோ என்று பயம், அதனால் விவரமாகச் சொல்லவில்லை.

4 பிப்ரவரி 2024, காலை

விவரமாகச் சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய் தம்பி. பரவாயில்லை. காராமணிக்குப்பம் சந்தைக்குப் போய், கூடையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களிடம் "கருவாடு விற்பது என்னுடைய ஐடியா, யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று சொல்லிப் பார். என்ன பதில் வருகிறது என்று எனக்கும் எழுது.

நான் கடலூர் முதுநகரிலிருந்து இரண்டரை வருஷமாக இதைத்தான் செய்கிறேன். 2021இல் கொரோனாவின் இரண்டாவது அலையில் ஜவுளிக்கடை பில்லிங் வேலை போனது. கோயம்புத்தூரில் இருக்கும் பழைய தோழி ஒருத்தி நெத்திலிக் கருவாடு இரண்டு கிலோ அனுப்பச் சொன்னாள். அவள் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள், அப்புறம் அவள் நாத்தனார். அப்படி ஆரம்பித்தது. ஐடியா என்று ஒன்றும் எனக்கு வரவில்லை, ஆர்டர்தான் வந்தது.

அந்த ஒன்றே முக்கால் லட்சத்தைக் கொடுத்துவிடாதே. முதலில் பத்துப் பாக்கெட் விற்றுவிட்டு வா.

4 பிப்ரவரி 2024, ராத்திரி

ஒன்று விட்டுப்போச்சு. அந்தப் பத்துப் பேரில் சித்தி, மாமா, ஆபீஸ் நண்பன் யாரும் இருக்கக் கூடாது. சொந்தக்காரர்கள் முதல் பாக்கெட்டைப் பாசத்துக்கு வாங்குவார்கள். இரண்டாவது பாக்கெட்டை யாரும் பாசத்துக்கு வாங்குவதில்லை. என் பெரியம்மா மகன் முதல் மாதம் ஐந்து பாக்கெட் வாங்கி, "சூப்பர்" என்று ஸ்டேட்டஸ் எல்லாம் வைத்தான். அவனுக்குக் கருவாடே பிடிக்காது என்று ஒரு வருஷம் கழித்து அவன் மனைவி சொல்லித்தான் தெரியும்.

7 பிப்ரவரி 2024

கணக்கு கேட்டாய். என் முதல் மாதக் கணக்கையே எழுதுகிறேன், சிரிக்காதே.

நெத்திலி கிலோ 360 ரூபாய்க்கு எடுத்தேன். தலை கிள்ளி, குடலை எடுத்து, மணல் சலித்தால் ஒரு கிலோவில் 720 கிராம்தான் நிற்கும். ஆக, கையில் இருக்கும் சரக்கின் உண்மையான விலை கிலோ 500. இந்த ஒரு வரி புரியாமல்தான் நிறையப் பேர் கவிழ்கிறார்கள். 250 கிராம் என்றால் 125 ரூபாய். பவுச் 7, ஸ்டிக்கர் 2, சுத்தம் செய்ய வரும் அக்காவுக்குப் பாக்கெட்டுக்கு 15. மொத்தம் 149. அட்டைப்பெட்டியும் டேப்பும் 15. ஸ்பீட் போஸ்ட்டில் அப்போது 200 கிலோமீட்டருக்குள் அரை கிலோ வரை 50 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் வரி, ஆக 59. எல்லாம் சேர்த்தால் 223.

நான் 240 ரூபாய் வைத்து, பக்கத்தில் "டெலிவரி இலவசம்" என்று வேறு பெருமையாகப் போட்டேன். ஆன்லைனில் பணம் வசூலித்துத் தரும் பேமென்ட் கேட்வேக்காரர் இரண்டு சதவீதமும் அதன் மேல் வரியுமாக ஐந்தரை ரூபாய் சொச்சம் எடுத்துக்கொண்டார். மிச்சம் 11 ரூபாய். ஒரே ஒரு பார்சல் வழியில் தொலைந்தால் இருபது பாக்கெட் லாபம் அவுட்.

பிறகுதான் தபால் கட்டணப் பட்டியலை மேசையில் விரித்து வைத்து உட்கார்ந்தேன். அரை கிலோவைத் தாண்டினால் அடுத்த அரை கிலோவுக்கு அப்போது வெறும் 15 ரூபாய்தான் கூடியது. அதாவது ஒரு கிலோ வரை 65, வரியோடு 76 ரூபாய் 70 காசு. மூன்று பாக்கெட்டைத் தனித்தனியாக அனுப்பினால் 177, ஒரே பெட்டியில் போட்டால் 77. அன்றைக்கே ஒற்றைப் பாக்கெட் விற்பதை நிறுத்தினேன். நெத்திலி, வாளை, சென்னாக்குனி என்கிற பொடி இறால் என்று மூன்று பாக்கெட் சேர்ந்த ஒரு பெட்டி, விலை 690. சென்னை வரைக்கும் செலவு 542, கேட்வேக்கு 16. கையில் 132 நிற்கும். வாளையும் சென்னாக்குனியும் விலை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், சராசரியாகச் சொல்கிறேன்.

பெட்டியோடு எடை 940 கிராம் வரவேண்டும். ஒரு தடவை கெட்டி அட்டைப்பெட்டி வாங்கிவிட்டேன். தராசில் 1,010 காட்டியது. பத்துக் கிராமுக்குப் பதினேழு ரூபாய் எழுபது காசு கூடுதல். அன்றைக்குக் கத்திரிக்கோலை வைத்துக்கொண்டு பெட்டி மூடியின் உள்மடிப்பை வெட்டி எறிந்துகொண்டிருந்தேன், தபால் கவுன்டரிலேயே நின்றபடி.

8 பிப்ரவரி 2024

மேலே போட்ட கணக்கைப் படித்த வீட்டுக்காரர், "இதில் உன் கூலி எங்கே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு பெட்டிக்கு வாட்ஸ்அப்பில் பேசுவது, கட்டுவது, தபாலாபீஸ் போவது எல்லாம் சேர்த்து இருபத்தைந்து நிமிஷம் ஆகிறது. மணிக்கு நூறு ரூபாய் என்று வைத்தாலும் 42 ரூபாய். அந்த 132, 90 ஆகிவிட்டது. எழுதும்போது பெரிய ஆளாகத் தெரிந்தேன், இப்போது அப்படித் தெரியவில்லை.

15 பிப்ரவரி 2024

காகித விஷயம். சுருக்கமாகச் சொல்கிறேன், இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

சாப்பாட்டுப் பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு கட்டாயம். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் இப்போதைக்கு, 2024இல், அடிப்படைப் பதிவு போதும், வருஷத்துக்கு 100 ரூபாய்தான். வருகிற 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்குக் காசே கிடையாது. ஆனால் அதே மாதிரி தோற்றத்தில் வெப்சைட் வைத்துக் காசு பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள், நானே 1,999 கட்டப் போனேன். பட்டனை அழுத்துகிற நேரத்தில் கரண்ட் போனது. மின்வாரியத்துக்கு அன்று மட்டும் மனசார நன்றி சொன்னேன்.

பாக்கெட்டின் மேல் பொருளின் பெயர், நிகர எடை, வரி உட்பட எம்ஆர்பி, பேக் செய்த தேதி, உன் முகவரி, புகார் சொல்ல ஒரு போன் நம்பர் எல்லாம் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி 40 லட்சம் வரை வேண்டாம், அதைப் பற்றி இப்போது கவலைப்படாதே.

17 பிப்ரவரி 2024

மேலே இருக்கும் கடைசி வாக்கியத்தை அடித்துவிடு. தப்பு. நான் கடலூர்க்காரியாக யோசித்து எழுதிவிட்டேன், நீ புதுச்சேரி.

தமிழ்நாட்டில் சரக்கு விற்பவருக்கு வரம்பு 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம்தான். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது: வரி உள்ள பொருளை மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும், வரம்பெல்லாம் கிடையாது. சந்தையில் அளந்து கொடுக்கும் கருவாட்டுக்கு வரி இல்லை. அதையே பாக்கெட்டில் போட்டு லேபிள் ஒட்டினால் 2022 ஜூலையிலிருந்து 5 சதவீதம்.

இப்போது உன் நிலைமையைப் பார். முத்தியால்பேட்டையிலிருந்து கடலூரில் இருக்கும் எனக்கு ஒரு பாக்கெட் விற்றால் அது வெளிமாநில வியாபாரம். கேரளக் கரையில் இருக்கும் மாஹேவுக்கும் ஆந்திரா பக்கம் இருக்கும் ஏனாமுக்கும் விற்றால் உள்மாநிலம். நம்ம இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கும் முள்ளோடை செக்போஸ்ட்டில் மது பாட்டிலைத்தான் தேடுவார்கள் என்று நினைத்திருந்தேன், கருவாட்டுக்கும் அங்கே ஒரு கோடு இருக்கிறது.

பெரிய ஷாப்பிங் தளங்களில் ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் சேரலாமா என்று இதைப் படிக்கிற இன்னொருவர் கேட்டிருந்தார். 2023 அக்டோபர் 1 முதல் சேரலாம்தான், ஆனால் அதுவும் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். ஆக உனக்குச் சென்னை வேண்டுமென்றால் பதிவு செய்துவிடு. நான் பெங்களூரிலிருந்து ஆர்டர் வர ஆரம்பித்ததும் பதிந்தேன். அதன் பிறகு 690இல் 33 ரூபாய் வரிக்குப் போகிறது. கேட்வேக்காரருக்கும் தபாலுக்கும் கட்டிய வரியை அதில் கழித்துக்கொள்ளலாம், ஆனாலும் அந்த 90 இன்னும் இளைத்துவிட்டது. மாதாமாதம் பார்க்க ஒரு ஆடிட்டர் அண்ணனும் சேர்ந்துகொண்டார். அவர் கூலியாகக் கருவாடு வாங்க மாட்டேன் என்கிறார், சைவம்.

2 மார்ச் 2024

பத்தில் ஆறு விற்றாயா, நல்லது. அதில் இரண்டு அத்தை என்று நீயே ஒப்புக்கொண்டதும் நல்லது.

பேக்கிங் பற்றிக் கேட்டாய். இதில் நான் சீரழிந்த கதை ஒன்று இருக்கிறது. 2022 அக்டோபர். வெயிலில் காயவைத்த நெத்திலி, கையில் எடுத்தால் சலசலவென்று சத்தம் வந்தது, முறித்தால் பட்டென்று முறிந்தது. நம்பி ஜிப் கவரில் போட்டு 38 பாக்கெட் அடுக்கிவைத்தேன். எட்டாவது நாள் ஒரு பாக்கெட்டின் மூலையில் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. உப்பு என்று நினைத்து விரலால் தடவினேன், ஒட்டிக்கொண்டு வந்தது. பூஞ்சை. காலையில் காய்ந்ததைச் சாயங்காலம் ஈரக் காற்று அடிக்கும்போது உட்கார்ந்து கட்டியிருக்கிறேன், வேறு காரணம் இல்லை. கருவாடு உப்புப்போட்ட பொருள், காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இப்போதெல்லாம் மத்தியானம் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் மட்டும்தான் கட்டுகிறோம், சூடு ஆறியதும் உடனே.

சரி, வேக்குவம் மெஷின் வாங்கலாம் என்று வாங்கினேன். காற்றை உறிஞ்சியதும் கவர் கருவாட்டின் மேல் இறுகும், வாளையின் துடுப்பு முள் அப்படியே கவரைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப்பார்க்கும். பார்க்க அழகாக இருக்கிற பாக்கெட், மறுநாள் காலையில் உப்பிப்போய்க் கிடக்கும். தடிமனான பல அடுக்குக் கவருக்கு மாறி, துடுப்பையும் வாலையும் கத்தரித்து, உள்ளே ஒரு காகித மடிப்பு வைத்த பிறகுதான் நின்றது. இதை எந்த வீடியோவிலும் சொல்லவில்லை, சிங்காரத்தோப்பிலிருந்து வரும் அக்கா சொன்னாள். அவள் சொன்ன வார்த்தை: "முள்ளு இருக்கறத முள்ளாவே நெனச்சிக் கட்டு."

வாசனை பற்றித் தனியாக எழுத வேண்டும். ஒரு கூரியர் கடையில் பையன் பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினான். அவன் மேல் தப்பில்லை, பக்கத்தில் கல்யாணப் புடவைப் பார்சல் இருந்தது.

3 மார்ச் 2024

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். வேக்குவம் மெஷின் வாங்கு என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. நெத்திலிக்கும் சென்னாக்குனிக்கும் அது தேவையே இல்லை, அழுத்தினால் பொடியாகிவிடும். நல்ல கவரும், கவரின் வாயை ஒட்டும் சீலரும் போதும். அந்த மெஷின் இப்போது என் வீட்டில் மாவடுவுக்குப் பயன்படுகிறது.

11 மார்ச் 2024

லேபிள் டிசைன் அனுப்பியிருந்தாய். பச்சைப் புள்ளி போட்டிருக்கிறாய்!

சிரித்தது உன்னைப் பார்த்து இல்லை. நானும் இதேதான் செய்தேன். வீட்டில் கிடந்த மிக்சர் பாக்கெட்டைக் காட்டி "இதே மாதிரி" என்று பிரஸ்ஸில் சொன்னேன். இதே மாதிரியே வந்தது. 500 ஸ்டிக்கர், ஒவ்வொன்றிலும் "நெத்திலிக் கருவாடு", பக்கத்தில் சுத்த சைவத்துக்கான பச்சைக் குறி. அசைவத்துக்குப் பழுப்பு நிறச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். முதல் வாடிக்கையாளர் ஒருவர் போட்டோ எடுத்து, "அக்கா, உங்க நெத்திலி எந்தச் செடியில காய்க்குது?" என்று கேட்டார். இன்று வரை அவர் வாங்குகிறார். 150 ஸ்டிக்கர் போல ஏற்கெனவே ஒட்டி அனுப்பிவிட்டேன், மிச்சம் பீரோவில் இருக்கிறது.

12 மார்ச் 2024

லோகோவில் மீன் சிரிக்க வேண்டுமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசிப்பதாக எழுதியிருக்கிறாய். காயவைத்த மீன் ஏன் சிரிக்கப் போகிறது?

20 ஏப்ரல் 2024

தடைக்காலம் ஆரம்பித்துவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம்ம கிழக்குக் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு, ஃபைபர் படகு போகும், அதனால் நெத்திலி கொஞ்சம் கிடைக்கும். பெரிய மீன் விலை ஏறும். நீ இப்போது சரக்கு கேட்டு அலைவதாகச் சொல்கிறாய். இதை உனக்கு முன்கூட்டியே சொல்லாதது என் தப்பு. பிப்ரவரி, மார்ச்சில் வெயில் நன்றாக அடிக்கும்போதே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

இந்தத் தொழிலைக் கம்ப்யூட்டரில் பார்க்காதே, தினசரிக் காலண்டரைச் சுவரில் மாட்டிப் பார். ஏப்ரல், மே, பாதி ஜூனில் சரக்குக் குறைவு, ஆனால் வெயில் இருக்கும். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், கூழுக்குக் கருவாட்டுக் குழம்பு, அப்போது மூச்சு விட நேரமிருக்காது. புரட்டாசி வந்தால் பாதி தமிழ்நாடு அசைவத்தை நிறுத்திவிடும். புரட்டாசி முடிந்ததும் மக்கள் பாய்வார்கள், ஆனால் ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, எதுவும் காயாது. கார்த்திகையில் மாலை போடுகிறவர்கள் வேறு. அப்புறம் தையில்தான் மறுபடி கொஞ்சம் விடிவு. ஆள் கேட்கும்போது வெயில் இல்லை, வெயில் இருக்கும்போது படகு இல்லை. இரண்டு வருஷம் அடிபட்டுத்தான் இது எனக்கு மண்டையில் ஏறியது.

முதல் வருஷப் புரட்டாசியில் ஆர்டர் நின்றதும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? போட்டிக்காரர் வந்துவிட்டார், விளம்பரம் போதவில்லை என்று இன்ஸ்டாகிராமில் 4,000 ரூபாய் கட்டினேன். பெருமாளுக்கு எதிராக விளம்பரம்.

9 மே 2024

விளம்பரம் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். என் ரீல் ஒன்று ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். நெத்திலியைச் சல்லடையில் போட்டு ஆட்டும்போது மணல் கொட்டுகிற வீடியோ, அவ்வளவுதான். வந்த ஆர்டர் ஒன்பது. கீழே "விலை என்ன" என்று கேட்டவர்கள் முந்நூறு பேருக்கு மேல். அதே வாரம் சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு அம்மா என் நம்பரைப் போட்டார், நாற்பது ஆர்டர்.

வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக், அதாவது பொருளும் விலையும் காட்டும் பட்டியல், இலவசம், அதுவே முதல் கடைக்குப் போதும். ஒரே செய்தியைப் பலருக்கும் பிராட்காஸ்ட்டாக அனுப்பினால் உன் நம்பரைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். அதனால் பெட்டிக்குள் ஒரு சீட்டு வைக்கிறேன்: "கருவாட்டு அக்கா என்று சேமித்துக்கொள்ளுங்கள்." என் சொந்தப் பெயர் இப்போது யாருக்கும் தெரியாது.

23 மே 2024

சென்னையில் ஒரு பெண், வாடகை வீடு, வீட்டு ஓனர் மாடியில். "அக்கா, பார்சல் மேலே கருவாடுன்னு எழுதாதீங்க, ஓனர் சைவம், வீட்டக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க." வெளிப்பெட்டியில் என் பெயரும் முகவரியும் மட்டும் போட்டு, இரண்டு கவருக்குள் கட்டி அனுப்பினேன். லேபிள் எல்லாம் உள்ளே பாக்கெட்டில் முறையாக இருக்கிறது, சட்டத்துக்கு ஒன்றும் குறை இல்லை. அவள் தன் ஆபீஸ் தோழிகளிடம் சொல்லிவிட்டாள். இப்போது என் வாடிக்கையாளரில் நிறையப் பேர் "வெளியே தெரியாமல்" என்று கேட்டு வாங்குகிறார்கள். அதை நான் யோசித்து வைக்கவில்லை. சமைக்கும்போது வாசனையை என்ன செய்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன். ஓனர் கோயிலுக்குப் போகும் நேரமாகப் பார்த்துத் தாளிக்கிறார்களாம்.

25 ஜூலை 2024

ஆடி. நேரமில்லை. கேள்விக்கெல்லாம் ஆகஸ்டில்.

29 ஜூலை 2024

நேரமில்லைதான், ஆனால் இதை எழுதாமல் தூக்கம் வராது.

வெப்சைட் வேண்டாம், வாட்ஸ்அப் போதும் என்று பிப்ரவரியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன் அல்லவா? போன வாரம் விழுப்புரத்திலிருந்து ஒரு பெரியவர் பால்சுறாக் கருவாடு கேட்டிருந்தார். மகளுக்குப் பிரசவமாகிப் பதினோரு நாள், பால் சுரக்க வேண்டும் என்று வீட்டில் கொடுப்பார்கள். அன்று ஒரே நாளில் 61 பேர் எழுதியிருந்தார்கள். அவருடைய செய்தி மேலே ஏறிப்போய்விட்டது. வேறொருவருடைய வாளைப் பெட்டி அவர் வீட்டுக்குப் போனது, பால்சுறா வேளச்சேரியில் ஒரு கல்யாணமாகாத பையனுக்குப் போனது.

பெரியவர் போன் பண்ணினார். திட்டவில்லை. "அம்மா, சுறா தனியாக வருதா?" என்று கேட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை. அன்று சாயங்காலமே வீட்டுக்காரர் பஸ்ஸில் விழுப்புரம் போய்க் கையில் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் பெட்டியில் லாபம் எவ்வளவு என்று நான் கணக்குப் போடவில்லை.

ஆக, மாற்றிச் சொல்கிறேன். மாதம் ஐம்பது அறுபது ஆர்டர் வரை வாட்ஸ்அப் தாங்கும். அதற்கு மேல் வாங்குபவர் தானே பெயர், முகவரி, பொருள் எல்லாம் நிரப்பிப் பணம் கட்டுகிற பக்கம் ஒன்று வேண்டும். ஒன்றே முக்கால் லட்சம் வேண்டாம், மாத வாடகைக்குக் கடைப்பக்கம் தருகிறவர்கள் இருக்கிறார்கள். வெப்சைட் முகவரிக்கு ".in" என்று முடியும் பெயர் வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். ஆப் யாருக்கும் வேண்டாம். கருவாட்டுக்காக யாரும் போனில் இடம் ஒதுக்க மாட்டார்கள்.

வேளச்சேரிப் பையன் அந்தச் சுறாவைத் திருப்பி அனுப்பவில்லை. புட்டு செய்து சாப்பிட்டுவிட்டு, இன்னொரு பாக்கெட் கேட்டான்.

14 ஆகஸ்ட் 2024

கேஷ் ஆன் டெலிவரி வைக்கலாமா என்றால், வைக்காதே. ஆறு மாதம் வைத்துப் பார்த்தேன். வீட்டில் ஆள் இல்லை, மனசு மாறிவிட்டது, மாமியார் வந்திருக்கிறார் என்று பெட்டி திரும்பி வரும். போகவும் காசு வரவும் காசு. அதைவிட, இரண்டு வாரம் லாரியிலும் குடோனிலும் கிடந்து வந்த கருவாட்டை மறுபடி யாருக்கு விற்பது?

21 செப்டம்பர் 2024

புரட்டாசி. இந்த மாதம் சும்மா இருக்கக் கூடாது, வற்றல் வடகம் போடலாமா என்று கேட்கிறாய். மோர்மிளகாய், சுண்டைக்காய் வற்றல் எல்லாம் அதே வெயில், அதே கவர், அதே சீலர். கேட்க நன்றாக இருக்கிறது. போன வருஷம் நானும் அப்படித்தான் நினைத்தேன். இருபது கிலோ மோர்மிளகாய் போட்டேன். வாங்கிய ஒரு மாமி, "மிளகாய் ரொம்ப நன்னா இருக்கு, ஆனா ஏதோ கடற்கரை வாசனை வரது" என்று எழுதினார். நான்கு மாதம் கருவாடு இருந்த அறையை எத்தனை முறை கழுவினாலும் அந்தச் சுவருக்கு ஞாபகம் இருக்கும் போல. செய்வதென்றால் வேறு வீடு, வேறு தட்டு, வேறு பெயர்.

சரி, ஒருவேளை உன் வீட்டு மாடியில் தனியாகச் செய்தால் வரலாம். நான் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லவில்லை.

6 டிசம்பர் 2024

எல்லோரும் பத்திரமா? ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி உங்கள் ஊர்ப் பக்கம்தான் கரை ஏறியது, புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. எங்கள் பக்கம் மழையைவிட, சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்ததுதான் பயமுறுத்தியது. கடலூரில் எந்தப் புயல் வந்தாலும் 2011இல் வந்த தானே புயலோடு வைத்துத்தான் அளப்போம். முதுநகரில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, கரண்ட் இல்லை, அவ்வளவுதான். சரக்கை அக்டோபர் முதல் வாரமே நிறுத்தியிருந்தேன், கையில் ஒன்பது கிலோதான் இருந்தது, பரணில்.

உன் சரக்கு 14 கிலோ தரைத்தளத்து அறையில் நனைந்துபோனதாக எழுதியிருக்கிறாய். அதைக் காயவைத்து விற்கலாமா என்று கேட்காமலே தூக்கிப்போட்டாய் பார், அது போதும். கோழித் தீவனத்துக்குக் கேட்பார்களா என்று விசாரிக்கலாம் என்று முதலில் எழுதி, பிறகு அழித்தேன். தெரு வெள்ளத்தில் நனைந்தது, வேண்டாம்.

ஆர்டர் கொடுத்தவர்களுக்கு இன்றே பணத்தைத் திருப்பிப் போட்டுவிடு. "தாமதமாகும்" என்று எழுதாதே.

7 டிசம்பர் 2024

மேலே உள்ளதில் கொஞ்சம் மாற்றம். என் வாடிக்கையாளர் இருவரிடம் பணத்தைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டேன், இரண்டு பேருமே "தையில் அனுப்புங்க அக்கா, பணம் இருக்கட்டும்" என்றார்கள். ஆனாலும் நீ முதல் வருஷம், நீ திருப்பிவிடு.

19 ஜனவரி 2025

காணும் பொங்கல் முடிந்து இன்றுதான் உட்கார்ந்தேன். மூன்று நாளில் 112 பெட்டி.

தம்பி கணக்கு அனுப்பியிருந்தான். ஒரு வருஷத்தில் 214 பெட்டி, அதில் இரண்டாம் முறை வாங்கியவர்கள் 71 பேர். போட்ட பணம் 38,000. வெள்ளத்தில் போனதையும் சேர்த்துப் பார்த்தால் கையில் நின்றது 9,000 சொச்சம். இரண்டரை லட்சத்தில் மிச்சம் இன்னும் பேங்கில் இருக்கிறது. வேலையை விடலாமா என்று கேட்கிறான். விடாதே. அந்த 71 பேர் எந்தெந்த மாதத்தில் வாங்கினார்கள் என்று மட்டும் எழுதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

மாடியில் மோர்மிளகாய் போடப் போகிறானாம், தனித் தட்டு, தனிப் பெயர். என் பச்சைப் புள்ளி ஸ்டிக்கர் மிச்சம் இருந்தால் கொடுங்கள், செலவு மிச்சம் என்கிறான். முந்நூற்று ஐம்பது இருக்கிறது தம்பி, வந்து எடுத்துக்கொள். "நெத்திலிக் கருவாடு" என்று இருக்கும் இடத்தை மட்டும் நீ வெட்டிக்கொள்ள வேண்டும், என் கத்திரிக்கோல் போன வாரம் தபாலாபீஸில் தொலைந்துவிட்டது.